முதல் பக்கத்தில் நானே எழுதியது

என் இரண்டு கைகளையும் பின்னால் முறுக்கிப் பிடித்துவிட்டார்கள்.

எனக்குக் காது கேட்காது. பேச்செல்லாம் கையில்தான். கையைப் பிடித்தால், வாயைப் பொத்தினாற்போலத்தான்.

மயிலாப்பூர் மாட வீதி, சாயங்கால நேரம். சுற்றிலும் இருபது முப்பது வாய்கள் ஒரே சமயத்தில் அசைகின்றன. எதை என்று படிப்பது? திரும்பத் திரும்ப வந்ததால் ஒன்று மட்டும் புரிந்தது.

“புள்ள புடிக்கிறவன்.”

பயத்தில் கத்தினேன். என் குரல் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. கேட்டவர்கள் முகம் மாறுவதுதான் தெரியும்.

முதல் அடி காதில் விழுந்தது. கேட்காத காதுதானே, போகட்டும். இரண்டாவதில் கண்ணாடி பறந்தது. கண்ணும் போனால் நான் எங்கே போவேன்?

பையிலிருந்த பத்திரிகைகள் தெருவெல்லாம் சிதறின. காது கேளாதோருக்கான நாலு பக்க மாத இதழ். அந்தக் காலத்தில் எங்கள் பள்ளி அச்சுக்கூடத்தில், பிள்ளைகளே எழுத்துக் கோத்து ஆரம்பித்தது. இன்றைக்கு ஆசிரியர், போட்டோகிராபர், வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பவன், எல்லாம் இந்த காஷிஃப் ஒருத்தன்தான்.

இந்த மாதம் முதல் பக்கத்தில் கட்டம் கட்டி எழுதியிருந்தேன்: ‘தெருவில் எந்தக் குழந்தையையும் தொடாதீர்கள். நாம் கையை ஆட்டுவதைப் பார்த்து, பிள்ளை பிடிக்க வந்தவன் என்று அடிக்கிறார்கள்.’

எழுதினவனுக்கே புத்தியில்லை. தெருவில் தனியாக நின்ற ஒரு சின்னப் பையனின் கையைப் பிடித்து நடந்தவன் நான்தான்.

கடலை வண்டிக்காரர் ஒரு பத்திரிகையை எடுத்து, அதிலிருந்த என் படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எல்லோரையும் பார்த்து ஏதோ சத்தம் போட்டார். பிடி தளர்ந்தது. கண்ணாடியை எடுத்து அவரே மாட்டிவிட்டார்.

அதற்குள் பையனின் அம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து அவனை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மூன்று வயது இருக்கும். அவன் அழவில்லை. சற்று முன் நான் காட்டியபடியே, விரல்களைக் குவித்து மெல்ல விரித்தான். பூ.

அவள் என் முகத்துக்கு நேராக வந்து, ஒவ்வொரு சொல்லாகக் கத்தினாள்.

“பேச்சு கூட வராத கொழந்தய எங்கய்யா இட்டுக்கினு போற?”

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். பத்திரிகை ஓரத்தில் எழுதி நீட்டினேன்.

‘உங்களைத் தேடித்தான் கூட்டிவந்தேன். தண்ணி லாரி ஹார்ன் அடித்தபோது இந்தத் தெருவே திடுக்கிட்டுத் திரும்பியது. திரும்பாதது இரண்டு பேர். நானும் உங்கள் பையனும்.’

படித்தாள். என்னை முறைத்தாள். மறுபடியும் படித்தாள்.

பையனைக் கீழே இறக்கிவிட்டு, அவனுக்குப் பின்னால் போய் நின்று கை தட்டினாள்.

அவன் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்னும் பலமாகத் தட்டினாள். கூட்டத்தில் ஒருவர் வாயும் அசையவில்லை. பையன் எனக்கு இன்னொரு பூ காட்டினான்.

மூன்றாம் தடவை தட்ட அவளுக்குப் பயமாக இருந்தது.