வலது பக்கத்துச் சீல்

பிரேக்கைக் கழற்றும்போது மெக்கானிக் சிரித்தார். அந்தச் சிரிப்பு டிராக்டர்காரருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"என்னய்யா சிரிப்பு?"

"ஒண்ணுமில்லைங்க. இத்தனை நாள் நீங்க உயிரோட இருந்ததை நினைச்சேன்."

பின்சக்கரங்கள் இரண்டும் கழன்று சுவரில் சாய்ந்திருந்தன. சக்கரம் இல்லாத கிழட்டு டிராக்டர், வேட்டி அவிழ்ந்த ஆள் மாதிரி மரக்கட்டைகளின் மேல் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தது. டிரம்மைத் திறந்ததும் கியர் ஆயில் கொழகொழவென்று வடிந்தது.

"ஆக்சில் சீல் போச்சு. ரெண்டு பக்கமும். ஆயில் கசிஞ்சு பிரேக் ஷூவெல்லாம் ஊறிக்கிடக்கு. அப்புறம் நீங்க மிதிச்சா என்ன, கும்பிட்டா என்ன, வண்டி நிக்காது."

இருவருக்கும் ஆகாது. போன மழைக்காலத்தில் மெக்கானிக் தன் மகனுக்கு டிராக்டர்காரரின் மகளைப் பெண் கேட்டுப் போயிருந்தார். பையனுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது, பெண்ணுக்குப் பையனைப் பிடித்திருந்தது. டிராக்டர்காரருக்குத்தான் ஆயில் வாடை பிடிக்கவில்லை.

அதை அவர் வாயால் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. வந்தவர்கள் கேட்டைத் தாண்டுவதற்குள், அவர்கள் உட்கார்ந்த நாற்காலிகளை வாசலில் இழுத்துப்போட்டு சோப்புத் தண்ணீரில் கழுவினார். தெருவே பார்த்தது. மெக்கானிக்கின் மனைவியும் திரும்பிப் பார்த்தார்.

"இதுக்கு ஒரு நாள் வரும்" என்று மட்டும் மெக்கானிக் மனைவியிடம் சொன்னார். அந்த நாள் இன்று டிராக்டரில் ஏறி வந்திருந்தது.

டிராக்டர்காரருக்கும் வேறு வழியில்லை. மற்ற பட்டறைகளில் எல்லாம் இதை எடைக்குப் போடச் சொல்லிவிட்டார்கள். மேட்டு நிலத்திலிருந்து பாரம் இறக்க வேண்டும். இறக்கத்தில் பிரேக் பிடிக்காவிட்டால் நேராகக் கால்வாய்தான்.

"வண்டிய விட்டுட்டுப் போங்க. முடிச்சதும் சொல்லி அனுப்பறேன்" என்று மெக்கானிக் சொன்னதும் அவர் உஷாரானார்.

"நீ என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியாதா? வேலை முடியற வரைக்கும் நகர மாட்டேன்." தன் இரண்டு கண் போதாதென்று, வீட்டில் இருந்த மகனையும், ஓய்வுபெற்ற பஸ் டிரைவரான மச்சானையும் போன் போட்டு வரவழைத்தார்.

மெக்கானிக் கோபப்படவில்லை. மூன்று நாற்காலிகளை எடுத்துப் போட்டார். "கழுவின நாற்காலிதான். தைரியமா உக்காருங்க."

மச்சான் ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம், நடுவில் டிராக்டர்காரர். மூவரும் மெக்கானிக்கின் கையையே பார்த்தார்கள். அந்தக் கையை அவ்வளவு மரியாதையாக யாரும் பார்த்ததில்லை.

மெக்கானிக் புதுச் சீல் ஒன்றை டிராக்டர்காரரின் மூக்குக்கு நேரே நீட்டினார். "இந்த ரப்பர் விளிம்பு இருக்கே, இந்த உதடு, ஆயிலைப் பாத்து உள்பக்கம் இருக்கணும். மாத்திப் போட்டா மறுபடி கசியும். ஆனா சமதரையில தெரியாது. இறக்கத்துலதான் தெரியும்."

டிராக்டர்காரர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். "மச்சான், உதடு எந்தப் பக்கம்னு நல்லா பாரு!"

"உள்ளதான் இருக்கு மச்சான். நான் கண்ணு சிமிட்டவே இல்ல."

இடது பக்கம் முடிந்தது. டிரம்மைப் பெட்ரோலில் கழுவி, புது லைனிங் அடித்து, கைக்குழந்தையைத் துடைப்பதுபோல் துடைத்து மூடினார். வலது பக்கம் வந்ததும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னய்யா?"

"சீல் இல்லைங்க. பையன் காலையிலயே சீலுக்குத்தான் போயிருக்கான்."

"எப்ப வருவான்?"

"வந்துருவான். வெறுங்கையோட வர்ற பையன் இல்ல."

வெயில் ஏறி உச்சிக்கு வந்து, சாயவும் தொடங்கியது. டிராக்டர்காரரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வண்டியின் ஒரு பக்கம் திறந்து கிடக்கும்போது எழுந்து போகவும் பயம்.

"ஒரு சீல் வாங்கத் துப்பில்ல. இவனுக்கு என் பொண்ணு கேக்குதாக்கும்!"

"அவசரப்பட்டா ஆகுமாங்க? சீல் விஷயம். ஒழுங்கா நடக்கணும்."

மெக்கானிக்கின் போன் அடித்தது. காதில் வைத்துக் கேட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "சரிப்பா. முதல்ல சாப்பிடுங்க" என்று வைத்துவிட்டு, தன் சட்டைப் பையிலிருந்து ஒரு புதுச் சீலை எடுத்தார்.

உதடு உள்பக்கம் பார்க்க வைத்து, சுற்றிலும் மெல்லத் தட்டி இறக்கினார். மகன் டார்ச் அடித்துப் பார்த்தான். மச்சான் விரலால் தடவிப் பார்த்தார். பழுது சொல்ல ஒன்றுமில்லை.

டிராக்டர்காரர் மீசையை ஒதுக்கிக்கொண்டார். "மூணு பேர் நாள் பூரா காவல் இருந்தோம்ல? உன்னால ஏதாவது பண்ண முடிஞ்சுதா?"

"அட, பயப்படாதீங்க. பிரேக் கல்லு மாதிரி பிடிக்கும். நீங்க ரொம்ப நாள் உயிரோட இருக்கணும். எல்லாத்தையும் கண்ணால பாக்கணும். அதுதான் எனக்கு வேணும்."

டிராக்டர்காரருக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது. "இரு, இரு. சீல் உன் சட்டைப் பையிலயே இருந்துதா? அப்ப உன் பையன் எந்தச் சீலுக்குய்யா போனான்?"

மெக்கானிக் கையில் இருந்த ஆயிலை நிதானமாகத் துடைத்தார்.

"ரிஜிஸ்டர் ஆபீஸ் சீலுக்குங்க, சம்பந்தி."