தொட்டிக்கு அடியில் ஒரு தட்டு

"கீழ்வீட்டு வாத்தியார் மேல வர்றாரு. மூஞ்சியே சரியில்லை" என்றான் கணவன். அவள் கதவுக்கு ஓடினாள்.

பால்கனியில் இருப்பது ஒரே ஒரு தொட்டி. செடி முழங்கால் உயரம்தான். ஒரு பூ பூத்தால் வீடே மணக்கும் சிவப்பு ரோஜா. அதற்கு ஊற்றும் தண்ணீர் தன் பால்கனியில் சொட்டுகிறது என்று வாத்தியார் முன்பெல்லாம் கத்தாத நாளில்லை. போன வருடம் அவள் வெட்டிவிட்ட குச்சி ஒன்றும் அங்கேதான் போய் விழுந்தது. அன்றோடு அவர் வாயே திறக்கவில்லை. மனதுக்குள் கறுவிக்கொண்டிருக்கிறார் என்று பயந்து, நாலு நாள் முன்பு தொட்டிக்கு அடியில் தட்டு வைத்துவிட்டாள்.

"சார், இனிமே ஒரு சொட்டு விழாது. தட்டு வச்சுட்டேன்" என்றாள் கதவைத் திறந்ததும்.

"அதைக் கேக்கத்தான் வந்தேன். உன் தண்ணியை நம்பித்தானேம்மா நாலு நாள் மகள் வீட்டுக்குப் போனேன்!"

அவர் கையில் ஒரு பழைய பெயிண்ட் டப்பா. அதில் துவண்ட இலைகளுக்கு நடுவே, தலை தொங்கிய ஒரு சிவப்பு மொட்டு.

"அன்னிக்கு விழுந்த குச்சிதான். சொட்டுற இடத்துலேயே வச்சு வளர்த்தேன். முதல் மொட்டு" என்றவர் டப்பாவை அவளிடம் நீட்டினார். "தட்டு வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"