உங்களைக் கேட்காமலா?

கடல் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அரை மணி நேரமாகக் காத்திருந்தது. குடாக்கடலில் படகுகளைத் தடை செய்யலாமா என்று ஆலோசிக்க வேண்டும். மீனவர் பிரதிநிதியைக் காணோம்.

ஒருவழியாக மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

"என்னண்ணே, உங்க பொழப்பு விஷயம், நீங்களே லேட்டா வந்தா எப்படி?" என்றார் தலைவர்.

"மன்னிச்சுக்கங்க சார். தடை வந்தா எங்க வீட்டுல அடுப்பு எரியாது. அதைச் சொல்லத்தான் ஓடி வர்றேன்."

"தாராளமா சொல்லுங்க. உங்களைக் கேக்காம ஒரு எல்லை மிதவையக்கூடத் தண்ணியில இறக்க மாட்டோம்!"

உறுப்பினர்கள் கைதட்டினார்கள்.

மீனவர் தலையைச் சொறிந்தார். "எப்பவும் குடாவுக்குக் குறுக்கால வந்துடுவேன் சார். இன்னிக்குக் காலையில 'படகு நுழையத் தடை'னு வரிசையா மிதவை கட்டியிருந்தாங்க உங்க ஆளுங்க. சுத்தி வந்ததுலதான் லேட்டு."

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு செயலாளர் பக்கம் திரும்பினார்.

"லேட்டா வந்ததுக்கு அண்ணன் மன்னிப்புக் கேட்டாரில்ல, அதை முதல்ல எழுதிக்கங்க."