வரிசைப்படி

ஈ.சி.ஜி. இயந்திரம் காகிதத்தைத் துப்பி முடிப்பதற்குள் மூத்த மருத்துவர் அதைக் கிழித்து எடுத்துவிட்டார்.

ஒரே பார்வை. அவருக்கு அது போதும்.

"மாரடைப்பு. இதயத்தோட இடதுபக்கச் சுவர். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியைத் தயார் பண்ணுங்க."

அவசர சிகிச்சைப் பிரிவு பரபரத்தது. ஹெட் நர்ஸ் குளிர்பெட்டியைத் திறந்தார். யாரோ திரைச்சீலையை இழுத்துவிட்டார்கள். கட்டிலில் கிடந்த பெண்மணிக்கு அறுபதைத் தாண்டிய வயது. நெஞ்சில் கைவைத்தபடி, மூக்கையும் வாயையும் மூடிய முகமூடிக்குள் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்.

பயிற்சி மருத்துவர் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். காகிதம் இப்போது அவள் கைக்கு வந்திருந்தது.

அந்தப் பிரிவில் அவளுக்கு 'வரிசை' என்று பட்டப்பெயர். மற்றவர்கள் ஈ.சி.ஜி.யைப் படம் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். அவள் மட்டும் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். வேகம், லயம், அச்சு, பிறகு ஒவ்வோர் அலையாக. இவள் படித்து முடிப்பதற்குள் நோயாளி குணமாகி வீட்டுக்கே போய்விடுவார் என்று கேலி செய்வார்கள்.

இன்று எழுத்தே தெரியவில்லை. கட்டங்கள் கண்முன் நீந்தின.

அடைப்பு இருந்து ஊசி போடாவிட்டால் இதயத்தில் ஒரு பகுதி செத்துப்போகும். அடைப்பே இல்லாமல் ஊசி போட்டு, மூளைக்குள் ரத்தம் கசிந்தால், அப்புறம் யார் வந்தும் பயனில்லை.

உதட்டைக் கடித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினாள்.

வேகம் கொஞ்சம் அதிகம். பயந்துபோயிருக்கிறவருக்கு அப்படித்தான் இருக்கும்.

லயம் சீர்.

அச்சு, அதாவது இதய மின்னோட்டம் போகும் திசை, வலப்பக்கம் சாய்ந்திருந்தது. அங்கே நின்றாள்.

முதல் லீடில், இதயத்தை இடப்பக்கமிருந்து பார்க்கும் வரியில், அத்தனையும் தலைகீழ். சுவர் பாதிக்கப்பட்டால் பெரிய அலை கவிழலாம், சரி. அதற்கு முன்னால் வருகிற குட்டி அலை ஏன் கவிழ வேண்டும்? மாரடைப்பு அதன் வழிக்கே போவதில்லையே.

அடுத்து ஏ.வி.ஆர். வலது தோளிலிருந்து இதயத்தைப் பார்க்கும் லீடு அது. ஏறக்குறைய எல்லாருக்குமே அதில் அலைகள் தலை குனிந்துதான் இருக்கும். இங்கே ஜம்மென்று நிமிர்ந்து நின்றன.

இதயமே வலப்பக்கம் இருக்கிற அபூர்வப் பிறவியோ? அப்படியானால் நெஞ்சு லீடுகளும் குழம்பியிருக்க வேண்டும். அவை ஆறும் பாடப்புத்தகத்தில் அச்சடித்ததுபோல ஒழுங்காக இருந்தன.

"சார், ஊசி வேண்டாம்!"

அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. மூத்த மருத்துவர் திரும்பினார். அந்த அறையில் அவரை யாரும் அப்படித் தடுத்ததில்லை.

"கை வயர் ரெண்டும் இடம் மாறியிருக்கு சார். இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துடலாம்."

அவர் போர்வையை விலக்கினார். வலது கையில் இருக்க வேண்டிய சிவப்பு இடது கையில் இருந்தது. மஞ்சள் வலது கையில்.

ஹெட் நர்ஸ் இரண்டையும் மாற்றி மாட்டினார். இயந்திரம் மறுபடி முனகியது.

இந்த முறை மூத்த மருத்துவர் அவசரப்படவில்லை. விரலை வைத்து, ஒவ்வொரு வரியாக, கடைசிவரை படித்தார். பிறகு நீளமாக ஒரு மூச்சை விட்டார்.

"நல்லாயிருக்கு. வயித்து எரிச்சலாத்தான் இருக்கணும். எதுக்கும் ரத்தப் பரிசோதனை பண்ணிடுவோம், சாயங்காலம் வரைக்கும் இங்கேயே இருக்கட்டும்."

ஊசி மருந்து குளிர்பெட்டிக்குத் திரும்பியது. பயிற்சி மருத்துவர் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அது சரி, வயரை மாத்தி மாட்டின புண்ணியவான் யாரு?"

"நான்தான் சார்."

"நீயா?" அவர் நம்பாமல் பார்த்தார். "எல்லாத்தையும் ரெண்டு தடவை சரிபார்க்கிற நீயா?"

கட்டிலில் இருந்த பெண்மணி முகமூடியைக் கீழே இறக்கினார்.

"எம் மருமகளைத் திட்டாதீங்க, டாக்டர். காலையில வீட்ல கண்டபடி பேசினது நான்தான். வண்டியில வர்ற வழியெல்லாம் 'அத்தே, அத்தே'ன்னு அழுதுகிட்டே வந்தா. உறவுன்னு தெரிஞ்சா வெளியே அனுப்பிடுவாங்க, வாயைத் திறக்காதீங்கன்னு எனக்கு வேற கட்டளை. அந்த நடுக்கத்துல எது எந்தக் கைன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"