மேடை மன்னிப்பு

"இன்னைக்கு நான் மேடையேறி அழ மாட்டேன். அவ்வளவுதான், ஆளை விடு!"

பெரியவர் போட்ட சத்தத்தில், பேச்சாளரின் கோட்டில் மைக்கைக் குத்திக்கொண்டிருந்த மேனேஜர் பெண்ணுக்குக் கை நழுவியது. மேடைக்குப் பின்னால் இருந்த ஒப்பனை அறை அது. கதவுக்கு அந்தப் பக்கம் அரங்கம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"மெதுவாப் பேசுங்கப்பா. வெளியில கேட்கப் போகுது" என்றார் பேச்சாளர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"கேட்கட்டுமே! எனக்கென்ன?"

மேனேஜர் பெண் வேலையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆனால் பேச்சாளரின் கதை அவளுக்கு எப்போதோ மனப்பாடம். வீடு வீடாக ஏறி இறங்கித் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்றவர். பேச வந்த புதிதில் காலி நாற்காலிகளுக்குத்தான் வணக்கம் சொன்னார். பிறகு ஒரு நாள், கணக்கில் கோட்டை விட்டதற்காக அப்பா பெல்ட்டால் விளாசிய கதையை மேடையில் எடுத்துவிட்டார். முடிவில் அந்த அப்பாவையே மேடைக்கு அழைத்தார். அப்பா வந்து மகன் தோளில் சாய்ந்து, "என்னை மன்னிச்சுடுடா" என்று குலுங்கினார். அரங்கமே மூக்கை உறிஞ்சியது. அன்றைக்கு அடித்தது யோகம். அதற்குப் பிறகு அவருக்குத் தேதி கொடுக்கவே நேரமில்லை.

"திடீர்னு எதுக்குப்பா இந்த அடம்?"

"திடீர்னா? உனக்கென்ன, கார்ல வந்து கார்ல போறே. தெருவுல நடக்கிறவன் நான். நேத்து சவரம் பண்ணிக்கப் போனேன். பாதி தாடையில நிறுத்திட்டு, 'பெத்த பிள்ளையைப் போய் அப்படி அடிக்கலாமாய்யா'ங்கறான். கத்தி அவன் கையில, கழுத்து என்னோடது. நான் என்னத்தைப் பேச?"

அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள். சிரித்தால் தொலைத்துவிடுவார்கள்.

"ஊர் பேசறது புதுசா? இத்தனை நாளா வராத ரோஷம் இன்னைக்கு மட்டும் எங்கேயிருந்து வந்தது? திரையை விலக்கிக் கூட்டத்தைப் பார்த்தீங்க. அதுலேருந்துதான் இந்தக் குதி குதிக்கறீங்க!"

பெரியவரின் முகம் வெளுத்துவிட்டது. குரலும் இறங்கியது. "இன்னைக்கு ஒரு நாள் விட்டுடு, தம்பி. அந்தக் கதையும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். வேற எதையாவது பேசேன். கெஞ்சிக் கேட்கறேன்."

"வேற எதைப் பேச? ஜனம் வந்திருக்கிறதே அதுக்குத்தான்! வளைச்சு வளைச்சு கேமரா வெச்சிருக்கு. என் பொழைப்புல மண்ணள்ளிப் போடலாம்னு பார்க்கறீங்களா?"

பேச்சாளர் உதைத்த உதையில் நாற்காலி சுவரில் மோதிக் கவிழ்ந்தது. அன்றைய பேச்சின் தலைப்பு, 'கோபத்தை வெல்வோம்'.

"தினம் ஒரு ஊர்ல போய் அழுது காட்டறது ஒரு பொழைப்பா? தூ!"

"கூப்பிடும்போது மேடைக்கு வரணும். வரலைன்னா, இனி ஜென்மத்துக்கும் என் மூஞ்சியில முழிக்காதீங்க!" கண்ணாடியில் பார்த்துப் புன்னகையை ஒட்டவைத்துக்கொண்டு பேச்சாளர் வெளியேறினார். கைத்தட்டல் கூரையைப் பிளந்தது.

மேனேஜர் பெண்ணுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. அந்தப் பெல்ட் கதையைக் கேட்ட நாளிலிருந்தே பெரியவர் மீது அவளுக்கு ஆத்திரம். "உங்களுக்கு வெட்கமா இல்லையாய்யா? பச்சைப் பிள்ளையை அந்த அடி அடிச்சிருக்கீங்க. அடிக்கும்போது நல்லா ஓங்கின கை, மன்னிப்புக் கேட்க மட்டும் கூசுதோ?"

அவர் எரிந்து விழுவார் என்று நினைத்தாள். அவரோ கவிழ்ந்த நாற்காலியை நிமிர்த்திப் போட்டார்.

"நீ கேட்டது நியாயம்மா. அடிச்சவன் கேட்டுத்தான் ஆகணும்" என்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்வரிசைக்குப் போய் உட்கார்ந்தார். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

மேடையில் பேச்சாளர் வெளுத்து வாங்கினார். சிரிக்க வைத்தார், அதட்டினார், கடைசியில் குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்கு என் முதுகுல விழுந்த ஒவ்வொரு அடியும் என்னைத் தூக்கி நிறுத்தியிருக்கு. அடிச்ச அப்பா மேல எனக்குத் துளி கோபம் இல்லை. அவர் இங்கேதான் இருக்கார். அப்பா, வாங்க!"

வெளிச்சம் முன்வரிசையில் பாய்ந்தது. மேனேஜர் பெண் ஓடிப்போய்ப் பெரியவரின் கையில் மைக்கைத் திணித்தாள். அவர் எழுந்தார். மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நாற்காலிகளுக்கு நடுவே பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தார்.

"அப்பா, மேடை இந்தப் பக்கம்!" என்று பேச்சாளர் சிரித்துச் சமாளித்தார். கூட்டமும் சிரித்தது.

பெரியவர் நிற்கவில்லை. கடைசி வரிசையில், கைதட்டாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவன் முன்னால் போய் மண்டியிட்டார். "என்னை மன்னிச்சுடுடா" என்றார். எந்த ஊரிலும் அவருக்கு இவ்வளவு திக்கியதில்லை.

அவன் அவர் கையைத் தட்டிவிட்டான். "எழுந்திருங்க! மேடையில போய்க் கேளுங்க, அங்கேதானே உங்களுக்கு வரும்!"

"என்னப்பா பண்றீங்க? யார் அது?" பேச்சாளரின் குரல் சீறியது.

பெரியவர் திரும்பி மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"தம்பி, உன்னைப் பெத்தவர் யாருன்னே எனக்குத் தெரியாது. உனக்கு அப்பாவா நடிக்கக் கூலிக்கு வந்த இடத்துல நான் மனசு தாங்காம புலம்பினதை நீ உன் கதையாக்கிக்கிட்டே. அந்தப் பெல்ட் அடி வாங்கின என் பிள்ளை இவன்தான்!"