கடிவாளச் சொட்டு

மூளை நரம்புகளில் தறிகெட்டு ஓடும் கைனேஸ் என்னும் நொதிகளுக்குக் கடிவாளம் போடும் புரதம் அது. மூக்கில் இரண்டு சொட்டு விட்டால் மறந்ததெல்லாம் திரும்பி வந்துவிடும். ஈரோட்டில் பாதிப் பேர் விட்டுக்கொண்டுவிட்டார்கள். தாரிணி மட்டும் கணவர் லோகேஷுக்கு விடாமல் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

காரணம், கொழுந்தனார் கிருபாகரன். தன் மகள் கல்யாணப் பத்திரிகையில் அண்ணன் பேரைப் போடாமல் விட்டவர். அன்றோடு பேச்சு நின்றது. லோகேஷுக்கு மறதி நோய் வந்து, அந்தப் பகையும் மறந்த பிறகுதான் தம்பி தினமும் கேரம் ஆட வருகிறார். வீடு கலகலவென்று இருக்கிறது.

ஆனால் நேற்று லோகேஷ் அவளையே பார்த்து, "நீங்க யாருங்க?" என்று கேட்டுவிட்டார். அழுதுகொண்டே சொட்டை விட்டாள்.

இன்று கிருபாகரன் வழக்கம்போல் வாசலில் செருப்பைக் கழற்றினார். லோகேஷ் தம்பியை ஏற இறங்கப் பார்த்தார்.

"பத்திரிகையில எம்பேரை உட்டவன்தானடா நீயி?"

"ஆமாங்ண்ணா." கிருபாகரன் மறுபடியும் செருப்பில் காலை நுழைத்தார்.

"எங்கடா ஓடறே? போன வாரம் நான் அசந்த நேரத்துல சிவப்புக் காயைக் கையாலயே குழியில தள்ளுனியே, அதுவும் ஞாபகம் வந்துருச்சு. மொதல்ல அதுக்குப் பதில் சொல்லோணும். உக்காரு!"

தாரிணி கேரம் பலகையில் பவுடரைத் தாராளமாகத் தூவினாள்.