நீண்டுகொண்டே போகும் ஜெபம்

அப்பா வெல்டராக இருந்த பட்டறை மூடப்பட்டதிலிருந்து, சாப்பாட்டுக்கு முந்தின ஜெபம் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போகிறது. மேஜையில் மூன்று தட்டு, ஒவ்வொன்றிலும் அவித்த உருளைக்கிழங்குத் துண்டுகள் கொஞ்சம். ஜன்னல் வழியே விழும் சாயங்கால வெயிலில் ஆவி மட்டும் பகட்டாக எழும்புகிறது. “ஆண்டவரே, நீர் நல்லவர்” என்கிறார் அப்பா. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நல்லவரென்றால் வேலையை ஏன் பிடுங்கினார் என்று நேற்றே கேட்டேன். “வாயை மூடு, கண்ணையும் மூடு” என்றார். பக்கத்தில் தங்கச்சி கண்ணை இறுக்கி மூடிச் சிலையாட்டம் உட்கார்ந்திருக்கிறாள். அவளைப் பார்த்தாலும் எரிகிறது. இன்று வேண்டுமென்றே கண்ணை மூடாமல் அப்பாவை முறைக்கிறேன். அவரும் மூடவில்லை. “எங்கள் குறைவையெல்லாம் நிறைவாக்கும்” என்று குரல் ஏறி இறங்க, தீப்பொறித் தழும்பேறிய விரல்கள் அவர் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து, சத்தமில்லாமல் தங்கச்சி தட்டில் வைக்கின்றன. அடுத்த துண்டு என் தட்டுக்கு வரும்போது எங்கள் பார்வைகள் முட்டிக்கொள்கின்றன. ஜெபம் நிற்கவில்லை. கண்ணை மூடு என்று புருவத்தாலேயே அதட்டுகிறார். நான் துண்டைத் திருப்பித் தள்ளுகிறேன். அவர் என் பக்கம் தள்ளுகிறார். விரலோடு விரல் மல்லுக்கட்ட, நடுவில் கிழங்கு நசுங்குகிறது. “அப்பா, ஆமென் சொல்லுங்கப்பா, பசிக்குது” என்று தங்கச்சி முகத்தை நிமிர்த்துகிறாள். இமை லேசாகத் துடிக்கிறது. அப்பாவின் விரல்கள் இன்னும் அந்தக் கிழங்கின்மேலேயே இருக்கின்றன. “ஜெபம் இன்னும் முடியலடி, கண்ணைத் திறக்காதே!” என்று அவள்மேல் பாய்கிறேன் நான்.